கூம்பின் முன் தபலா

தொடக்ககால இசைத்தட்டுகளில் தபலா மங்கி ஒலிப்பதால் அக்காலக் கச்சேரிகளிலும் அது ஒடுங்கியே இருந்தது என்று சிலர் முடிவுகட்டுகின்றனர். சான்று அத்தனை எளிதன்று. 1902 நவம்பரில் கல்கத்தா விடுதி அறையொன்றில் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கௌஹர் ஜானைப் பதிவுசெய்தபோது ஒலிவாங்கி கிடையாது. தகரக் கூம்பு மட்டுமே. பாடகர் கூம்பின் வாயை ஒட்டி நிற்க, தாளக்கருவி விலக்கி வைக்கப்படும். அருகிருந்து ஓங்கித் தட்டினால் மெழுகை வெட்டும் ஊசி பக்கத்துத் தடத்துள் புகுந்துவிடும். ஒலியளவைக் கூட்டவும் குறைக்கவும் தூரத்தைத் தவிர வேறு வழியில்லை. நெருங்கி வாசித்தாலும் பாயாவின் கீழ்த்தொனியை அக்கருவி பெரும்பாலும் பிடிக்காது. வலக்கையின் ‘நா’, ‘தின்’ போன்ற கூரிய சொற்களே ஓரளவு தேறும். (பாயா இல்லாத தபலாவைத் தபலா என்பதே ஐயத்திற்குரியது.) 1925இல் தொடங்கிய மின்வழிப் பதிவு பரவிய பின்னரே இடக்கையின் ஆழம் தட்டுகளில் ஏறலாயிற்று. இவ்விரு காலத் தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்காமல் தபலா ‘வளர்ந்த’ கதையை எழுதுவது முறையாகாது.