யாப்பு என்னும் சொல்

சில ஆண்டுகளுக்கு முன்னர்க் கல்லூரி மாணவர் ஒருவர் தாம் இயற்றிய வெண்பா ஒன்றை என்னிடம் காட்டினார். சீரும் தளையும் பிழையின்றி அமைந்திருந்தன. ஆயினும், பொருள் முற்றுப்பெறவில்லை. ஈற்றடியை நிரப்புவதற்கென்றே இரண்டு சொற்கள் வந்து நின்றன. “யாப்புச் சரிதானே, ஐயா?” என்று அவர் வினவினார். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அச்சொல்லின் வரலாற்றை நோக்கிய பின்னரே விடை புலப்பட்டது.

யாத்தல் என்றால் கட்டுதல். யாப்பு என்றால் கட்டு. கட்டப்படுவது எது என்பதில்தான் கருத்து மாறி வந்துள்ளது.

தொல்காப்பியத்தின் செய்யுளியல் 34 செய்யுள் உறுப்புகளைக் கூறுகிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி ஆகிய ஐந்தையும் அடுத்து ஆறாவதாக நிற்பது யாப்பு. எழுத்து முதல் அடி ஈறாகச் சேர்ந்தவற்றைக் கொண்டு, கருதிய பொருளை முற்றுப்பெற நிறுத்துவதே யாப்பு என்பது தொல்காப்பியர் கொள்கை. பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என ஏழிடத்தும் அது நிகழும் என்றார் அவர். பிசி என்பது விடுகதை. முதுசொல் என்பது பழமொழி. ஆகவே, உரைநடைக்கும் பழமொழிக்குங்கூட அன்று யாப்பு உண்டு.

10ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் அமிதசாகரர் யாப்பருங்கலத்தையும் யாப்பருங்கலக் காரிகையையும் இயற்றினார். அவர் கொண்ட உறுப்புகள் எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்னும் ஆறு. தொல்காப்பியர் தனியுறுப்பாக எண்ணாத தளை இங்கே இடம்பெற்றது. யாப்பு என்பதோ ஓர் உறுப்பின் பெயராக இராமல், செய்யுளிலக்கணம் முழுமைக்கும் பெயராயிற்று.

தளையாவது நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் கூடும் கட்டு. ‘நல்ல வழியே’ என்பதில் மாச்சீரின் முன் நிரையசை வருகிறது. அது வெண்பாவுக்கு ஏற்ற வெண்டளை. ‘நல்ல பாதை’ என்றால் நேரசை வந்து ஆசிரியத்தளையாகிவிடும்; வெண்பா அதனை ஏற்காது. பொருள் ஏறத்தாழ ஒன்றே, கட்டுத்தான் வேறு. இந்நுட்பத்தைக் கற்பது இன்றியமையாதது. ஆனால், கட்டு அத்துடன் முடிவதில்லை.

அம்மாணவரிடம் நான் சொன்ன விடை இதுதான்: “தம்பி, சீரோடு சீரைக் கட்டிவிட்டீர், சொல்லோடு பொருளை இன்னும் கட்டவில்லை. காரிகையின்படி உம் பாட்டில் பிழையில்லை. தொல்காப்பியரிடம் காட்டினால், யாப்பு இனிமேல்தான் தொடங்கவேண்டும் என்பார்.”