ஸ்டார் ஸ்டிக்கரில் இல்லாதது

2007 ஆகஸ்டில் நோக்கியா ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் செய்துகொடுத்த பிஎல்-5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம். வேண்டியவர்கள் இலவசமாக மாற்றிக்கொள்ளலாம். அடுத்த சில நாள்கள் ஊரெங்கும் இதே வேலைதான். முதுகு மூடியைக் கழற்றுவதும் பேட்டரியை உருவி எண்ணைப் படிப்பதும் பக்கத்து வீட்டுக்காரரின் போனையும் வாங்கிப் பார்ப்பதுமாக இருந்தார்கள். பேட்டரி இருந்த குழியில், ஐஎம்இஐ எண்ணுக்கு அருகே, பல போன்களில் பொடி எழுத்தில் ‘மேட் இன் இந்தியா’ என்றிருந்தது. அதில் கண் நின்றவர்கள் குறைவு. அந்த இந்தியா, சென்னையிலிருந்து பெங்களூரு போகிற சாலையில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூர்.

ராமானுஜர் பிறந்த ஊர் என்றே பலகாலம் அறியப்பட்ட இடம் அது. 1996இல் ஹூண்டாய் அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் கால்கோள் இட்டு, 1998இல் முதல் சான்ட்ரோவை வெளியே அனுப்பியது. 2006இல் நோக்கியா வந்தது. பின்னர் தெற்கே ஒரகடம் வரை ஆலைகள் நீண்டன: 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லரின் லாரிகள், 2013இல் ராயல் என்ஃபீல்டு. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பகுதியில் மூன்று ஷிப்டும் கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கின. நோக்கியாவில் உச்சகட்டத்தில் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள்.

இவ்வளவும் நடந்த காலத்தில் பொருளை வாங்கியவர்கள் என்ன கேட்டார்கள்? காருக்கு மைலேஜ், போனுக்கு விலை, எல்லாவற்றுக்கும் கியாரண்டி. இதை வைத்துத் தமிழ்நாட்டு வாடிக்கையாளருக்கு மனசாட்சி இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம், சரியல்ல. மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் ஸ்டிக்கரின் கதையைப் பார்த்தால் தெரியும். எரிசக்தித் திறன் பணியகம் 2006இல் அதைத் தொடங்கியது. 2010இல் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜுக்கும் ஏசிக்கும் கட்டாயமாக்கியது. அதன்பிறகு கடைக்குப் போகிற பாட்டிகூட “எத்தனை ஸ்டார்?” என்று கேட்கப் பழகிவிட்டார். கரண்ட் பில் பயமும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கதவில் ஒட்டியிருந்ததால்தான் கேட்க முடிந்தது. ஒட்டாததைப் பற்றி எப்படிக் கேட்பது?

நோக்கியா வரித் தகராறில் சிக்கி 2014 நவம்பர் 1 அன்று ஆலையை மூடியது. கடைகளில் வேறு பெயர்ப் போன்கள் வந்தன, விற்பனை நிற்கவில்லை. காலியாகக் கிடந்த அந்தக் கட்டடத்தைச் சில ஆண்டுகள் கழித்து, ஆப்பிளுக்கு சார்ஜர் செய்யும் சால்காம்ப் வாங்கியது.

ஒட்டாத செய்தி சாலைக்கு வந்தது 2021 டிசம்பரில். சுங்குவார்சத்திரம் பகுதியில் ஐபோன்களின் பாகங்களைப் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையில் அப்போது சுமார் 17,000 பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தங்கியிருந்த ஹாஸ்டலில், சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 250க்கும் மேற்பட்ட பெண்கள் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. கூடப் படுத்துறங்கிய தோழி எங்கே என்று தெரியாத பெண்கள் டிசம்பர் 17 இரவு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மறுநாளும் எழுந்திருக்கவில்லை. போலீசார் 67 பெண்களைப் பிடித்துவைத்து, பிறகு விட்டார்கள். ஹாஸ்டலில் பெண்கள் நெரிசலான அறைகளில் தரையில் படுத்தார்கள், சில கழிப்பறைகளில் தண்ணீர் வரவில்லை என்று ராய்ட்டர்ஸ் எழுதியது.

இந்தச் செய்தியை உலகம் படித்தபிறகு வேகம் பிறந்தது. டிசம்பர் 29 அன்று ஆப்பிள், தொலைவிலுள்ள சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஜனவரி 12 அன்றுதான் ஆலை மறுபடி திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கானின் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார், செலவு ரூ.706 கோடிக்கு மேல். வாங்குபவர் முகம் சுளித்தால் பெயர் கெடும் என்ற அச்சம் ஒரு கம்பெனியை எவ்வளவு சீக்கிரம் அசைக்கிறது என்பதற்கு இந்தப் பகுதியில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை. அந்த அச்சம் சென்னையின் பாண்டி பஜார் கடைத்தெருவிலிருந்து வந்ததல்ல என்பதுதான் உறுத்தல்.

இத்தனைக்கும் ஆலைத் தொழிலாளிக்காகத் தெருவே நின்றது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா இருவரின் துணையோடு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊர் அவர்களுக்குச் சோறு போட்டது. வெள்ளையர் பக்கம் பேசியவர்களுக்குச் சவரத் தொழிலாளர்கள் கத்தியை எடுக்க மறுத்தார்கள். ஒன்பது நாளில் கூலி கூடியது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

அதற்கு நூறாண்டுக்கும் மேல் கழித்து, 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங்கின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் சுமார் 1,500 பேர் வேலையை நிறுத்தினார்கள். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் டிவியும் செய்கிற இடம். முதல் கோரிக்கை கூலிகூட அல்ல, சிஐடியு சார்ந்த தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். 37 நாள் போராட்டம். இடையில் போராட்டப் பந்தலைப் போலீசார் பிரித்துப் போட்டார்கள். ஷோரூம்களில் தீபாவளி ஆஃபர் களைகட்டிய அதே வாரங்கள். அங்கே நின்ற ஃப்ரிட்ஜின் கதவில் ஸ்டார் இருந்தது. ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதும் இருந்தது. அதைப் பூட்டியவருக்குச் சங்கம் வைக்க உரிமை உண்டா என்பது இல்லை. 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது.

தேடிப் பார்க்க நினைப்பவருக்கு இப்போது ஒரு வழி உண்டு, பாதி வழி. பங்குச்சந்தையில் மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 முதல் ஆண்டுதோறும் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, மற்றவர் எத்தனை, சங்கத்தில் எவ்வளவு பேர், குறைந்தபட்சக் கூலி, விபத்து, புகார் எல்லாம் அதில் வரும். ராயல் என்ஃபீல்டை நடத்தும் ஐஷர், ஒரகடத்தில் டயர் செய்யும் அப்பல்லோ, 2024 அக்டோபரில் சந்தைக்கு வந்த ஹூண்டாய் ஆகியவை இந்த வரிசையில் இருக்கின்றன. ஆக, புல்லட் வாங்குபவர் முன்பணம் கட்டுவதற்குள் நெட்டில் அரைமணி நேரம் செலவிட்டால் சில எண்களாவது கிடைக்கும். ஃப்ரிட்ஜோ ஐபோனோ வாங்குபவருக்கு அது கிடையாது: சாம்சங், ஃபாக்ஸ்கான் இரண்டின் இந்தியக் கம்பெனிகளும் இங்கே பங்குச்சந்தையில் இல்லை.