தப்பும் டிரம்மும்: கடாரத்து இளையோரும் அந்நிய இசையும்

கெடா மாநிலத்தின் கோல மூடா மாவட்டத்தில், சுங்கைப் பட்டாணிக்கும் பீடோங்கிற்கும் அணித்தாக அமைந்த சிற்றூர் சுங்கை லாலாங். லாலாங் என்பது ஒருவகை முரட்டுப் புல். ரப்பர்க் கன்றுகளை நெருக்கி வளரும் இப்புல்லோடு போராடியே தோட்டத் தொழிலாளர் பலரின் வாழ்நாள் கழிந்தது. ஊருக்கு மேற்கே சிறிது தொலைவில் மெர்போக். அதனை ஒட்டிப் பூஜாங் பள்ளத்தாக்கு. முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டில் வென்ற கடாரம் இப்பகுதியே என அறிஞர் கொள்வர். கடாரத்தின் பெருமையைப் பேசும் மேடைகளில் கப்பல்களும் யானைகளும் தவறாமல் இடம்பெறுகின்றன. ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் அதே மண்ணில் பால்மரம் வெட்ட வந்தவர்கள் தோளில் மாட்டி வந்த தப்பு மட்டும் பேசப்படுவதில்லை.

1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்ட பின், கங்காணிகள் வழியாக ஆயிரக்கணக்கான தமிழர் இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். 1938இல் இந்திய அரசு இவ்வகைக் குடியேற்றத்தை நிறுத்தும் வரை அவ்வரவு தொடர்ந்தது. அவர்களோடு தப்பு, உறுமி, பம்பை, உடுக்கை ஆகியவையும் கடல் கடந்தன. மாரியம்மன் திருவிழாவிற்கும், காமன் கூத்திற்கும், சாவு வீட்டிற்கும் இவையின்றி இயலாது. தப்பு என்பது வட்டமான மரச்சட்டத்தில் கன்றின் தோலை இழுத்துப் பூட்டிய பறை. வாசிக்கும் முன் வைக்கோலையோ சருகையோ கொளுத்தி அதன் முகத்தைக் காய்ச்சுவர். ஈரம் நீங்கித் தோல் இறுகிய பின்பே ஒலி எழும். ஒரு கையில் நீண்ட மெல்லிய சிம்புக்குச்சி, மறு கையில் குட்டையான அடிக்குச்சி. மழை மிகுந்த கெடாவில் இத்தீக்கு ஓய்வே இருந்திராது. இடை சிறுத்த உறுமியோ வேறு வகையானது. அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது விலங்கின் உறுமலைப் போன்ற ஒலி பிறக்கும், பெயர்க்காரணமும் அதுவே.

தொல்காப்பியர் கருப்பொருள்களைத் தொகுக்கும்போது பறைக்கும் இடம் அளித்தார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, பாலைக்குத் துடி என மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் முப்பதுக்கு மேற்பட்ட தோற்கருவிகளை அடுக்கிச் சொல்கிறார். ஆயினும், வகுப்பறையில் தொண்டகப்பறையைப் பெருமையுடன் ஒப்பித்த மாணவனே, மாலையில் லயத்துக்குத் திரும்பித் தப்பொலி கேட்டால் முகம் சுளிக்கும் நிலை இருந்தது. காரணம் வெளிப்படை. தப்படிப்பது ஒரு சாதியின் கடமை என்ற தமிழகத்து இழிவும் அதே கப்பலில் வந்து இறங்கியிருந்தது. ‘பறையர்’ என்ற சொல்லிலிருந்து ஆங்கிலேயர் ஆக்கிக்கொண்ட ‘பரையா’ என்னும் சொல், ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் உலகெங்கும் வழங்குவதை எண்ணினால், ஒரு கருவியின் மீது எவ்வளவு பெரிய சுமை ஏற்றப்பட்டது என்பது விளங்கும்.

பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியிலும் 1954இலும் மலாயாவிற்கு வந்தார். சுயமரியாதைக் கருத்துகள் தோட்டங்களிலும் பரவின. பிறர் வீட்டுச் சாவிற்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுப்பதே மானத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. அம்மறுப்பு முற்றிலும் நியாயமானது. குச்சியைக் கீழே வைத்த தந்தையரைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. எனினும், கை வைத்துவிட்டாலும் காது விடவில்லை. அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் வேறொரு கொட்டை நோக்கி விரைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனத் துணிந்து கூறலாம்.

அந்த வேறு கொட்டு, ராக் இசை வருவதற்கு முன்பே இவ்வட்டாரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. 1950களிலும் 1960களிலும் கூர்க்காப் படையின் பயிற்சி நிலையம் சுங்கைப் பட்டாணியில் இயங்கியது. பட்டாளத்து அணிவகுப்பில் முழங்கும் பெருமுரசும் பக்கமுரசும் பின்னாளில் டிரம் செட்டின் உறுப்புகளாயின. 1946இல் மலாயா வானொலி, 1949இல் ரிடிபியூஷன், 1963 டிசம்பர் 28இல் தொலைக்காட்சி என அந்நிய ஒலி படிப்படியாக வீட்டினுள் நுழைந்தது. 1961இல் கிளிப் ரிச்சர்டு தம் ஷேடோஸ் குழுவினருடன் சிங்கப்பூர் வந்து பாடினார். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபின், உயரமான மேடையில் அமர்ந்து தலையை அசைத்தவாறு டிரம் வாசித்த ரிங்கோ ஸ்டாரைப் போல் ஆகவேண்டும் என்ற வேட்கை உலகெங்கும் பரவியது. மலாய் இளையோர் இவ்வகைக் கிதார்க் குழுவிற்குக் ‘கூகிரான்’ என்றும், அவர்கள் பாட்டிற்குப் ‘பாப் யே யே’ என்றும் பெயரிட்டனர். பினாங்கு மண் ஈன்ற பெருங்கலைஞர் பி. ரம்லியின் பாட்டையே பழமை என்று இளையோர் ஒதுக்கிய காலம் அது.

டிரம் செட்டு வெள்ளையர் கருவி என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அதன் பிறப்பை ஆராய்ந்தால் வியப்பே மிஞ்சும். பக்கமுரசும் பெருமுரசும் ஐரோப்பியப் படைகளுடையவை. சிம்பல் என்னும் தாளத்தட்டு துருக்கியிலிருந்து சென்றது. தொடக்கக் காலச் செட்டுகளில் பூட்டப்பட்ட டாம்டாம் முரசுகள் சீனருடையவை. இவற்றை ஒருவரே அமர்ந்து வாசிக்கும் முறையை வளர்த்தவர்கள் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரத்துக் கறுப்பின இசைஞர்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள். காலால் மிதித்துப் பெருமுரசை அடிக்கும் பெடலுக்கு 1909இல் காப்புரிமை பெற்றார் லுட்விக். ‘டாம்டாம்’ என்ற சொல்லே இந்திய மொழிகளின் ஒலிக்குறிப்பிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றது என்பது அகராதியாளர் கருத்து. டமாரத்தை அறிந்த தமிழருக்கு அது புதுச்செய்தி அன்று. அந்நியம் எனப்பட்ட கருவிக்குள் ஆசியாவும் ஆப்பிரிக்காவும் அடங்கியிருந்தன. தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவன் கண்டது ஒன்றே: இக்கொட்டை அடிப்பவனை எவரும் சாதி கேட்கவில்லை, மாறாகக் கைதட்டினர்.

சுங்கைப் பட்டாணிப் பகுதி இளைஞருக்குப் பெருநகரம் என்றால் பினாங்குதான். 1985இல் பாலம் திறக்கப்படும் வரை பட்டர்வொர்த்தில் பெரி ஏறியே தீவிற்குச் செல்லவேண்டும். அப்பினாங்கில்தான் 1960களின் இறுதியில் ஆலிகேட்ஸ் குழு உருவாயிற்று. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் எனும் தமிழ்ச் சகோதரர்கள் அதன் முதுகெலும்பு. ஆங்கிலப் பாட்டுகளில் தொடங்கி, ஹாங்காங் சென்று உழைத்துத் திரும்பிய அக்குழு, 1970களின் இறுதியில் மலாய்ப் பாட்டுகளால் நாடெங்கும் புகழ்பெற்றது. டேவிட்டின் சுருண்டு செழித்த ஆப்பிரிக்கப் பாணி முடியை அறியாத மலேசியர் அரிது. 2007இல் லோகநாதன் மறைந்தபோது மலாய், சீன, தமிழ் நெஞ்சங்கள் ஒருசேர வருந்தின. தமிழர் மகன் மலாய் மொழியில் பாடி அனைத்து இனத்தாரின் அன்பையும் பெற்ற செய்தியை வெறும் பொழுதுபோக்காகக் கருதி வரலாற்றாசிரியர் கடந்துசெல்வது பெரும் பிழை. அதே காலத்தில் டிரம் கலைஞர் லூயிஸ் பிரகாசம் ஆசியாபீட் குழுவின் வழியே ஆசியத் தாளங்களைத் தம் இசையில் இணைத்தார்.

இதனிடையே 1971 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடியது. இவ்வட்டாரப் பூர்வீக மக்களின் பண்பாடு அடிப்படையாதல் வேண்டும், பிற பண்பாடுகளின் பொருத்தமான கூறுகளை ஏற்கலாம், இஸ்லாம் முக்கியக் கூறாக அமைதல் வேண்டும் என மூன்று கோட்பாடுகள் வகுக்கப்பட்டன. பொருத்தமானது எது என்பதை யார் முடிவு செய்வது என்னும் வினா அன்றே எழுந்தது. ஒரு தமிழ் இளைஞனின் வீட்டில் இரு கொட்டுகள் இருந்தன எனக் கொள்வோர், இரண்டும் ‘பிற’ என்னும் ஒரே பட்டியலில் சேர்ந்த விந்தையை உணர்வர். தாத்தாவின் தப்பும் பேரனின் டிரம் செட்டும் அந்த ஒரு நிலையிலாவது சமமாயின! நீண்ட முடியும் ஐயத்திற்குரியதாயிற்று. 1992இல் ராக் பாடகர்களான அவியும் ஏமியும் முடியைக் கத்தரித்துக்கொண்ட பின்பே அரசாங்கத் தொலைக்காட்சியில் தோன்ற வழி பிறந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டதாலும், ரப்பருக்குப் பதில் செம்பனை நடப்பட்டதாலும், வீட்டுமனைகள் எழுந்ததாலும் லயங்கள் காலியாயின. மக்கள் சுங்கைப் பட்டாணி போன்ற நகரங்களின் ஓரங்களில் குடியேறினர். தப்பும் உறுமியும் தோட்டத்தோடு மறையும் என்றே பலர் எண்ணினர். நடந்ததோ வேறு. நகர்ப்புற இளைஞர்கள் உறுமி மேளக் குழுக்களை அமைத்தனர். ராக் குழுக்களைப் போலவே குழுவிற்குப் பெயரும் ஒரே வண்ணச் சட்டையும் வைத்துக்கொண்டனர். தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை நோக்கிச் செல்லும் காவடிகளின் முன் அவர்கள் முழக்குகின்றனர். மரபு தவறுகிறது என்று பெரியோரும் கோயில் நிர்வாகத்தினரும் கடிந்துகொள்வதுண்டு. அக்கடிதலில் ஒரு பகுதி சரியே. சினிமாத் தாளம் பக்தியை விழுங்கிவிடும் இடங்கள் உண்டு. ஆனால் முப்பாட்டன் வெட்கத்தோடு கீழே வைத்த குச்சியைக் கொள்ளுப்பேரன் விரும்பி எடுக்கிறான் என்பதையும் உடன் காணவேண்டும். 2006இல் யோகி பி, நட்சத்திரா குழுவினர் வெளியிட்ட ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு அமெரிக்கக் கறுப்பினத்தாரின் ராப் நடையைத் தமிழில் முழங்கியபோது, மலேசியத் தமிழ் இளைஞர் குரல் தமிழகத் திரைப்படத்திற்கே ஏற்றுமதியாயிற்று.

கருவிகளும் ஒன்றிலிருந்து ஒன்று கொண்டன. மலாயா விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவில் டிரம் செட்டுகளுக்குக் கன்றின் தோலுக்கு மாற்றாக நெகிழித் தாள் போர்த்தும் முறை பரவத் தொடங்கியது. இன்று தப்பின் முகத்திலும் அதே நெகிழியைப் பூட்டி விற்கின்றனர். மழையில் நனைந்தாலும் அது தொய்வதில்லை. ஆகையால் ஊர்வலத்திற்கு முன் சருகு பொறுக்கித் தீ மூட்டும் வேலையும் குறைந்துவிட்டது.