ஆடுபுலி: விதிகளை எழுதி வைப்போம்

லெமான் ஏரிக்கரையில், லா தூர் தெ பெய் கோட்டைக்குள் சுவிஸ் விளையாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் பலகை இருந்தால் மட்டும் போதாது. சீனாவின் மாவாங்துய் கல்லறையில் 1973இல் லியூபோ பலகையும் காய்களும் கிடைத்தும், ஆடும் முறையை ஆய்வாளர்கள் இன்றும் ஊகித்தே எழுதுகிறார்கள்.

நமது ஆடுபுலி இன்னும் அம்மம்மாமாரின் நினைவில் இருக்கிறது. 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. எல்லா ஆடும் பலகையில் இறங்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக்கூடாது. புலி பக்கத்து ஆட்டை நேர்கோட்டில் தாண்டி வெற்றுப்புள்ளியில் இறங்கினால் வெட்டு. மூன்று புலியும் அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி. எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி? ஊருக்கு ஊர் கணக்கு வேறு (சண்டையும் அங்கேதான்). ஆகவே ஊர்ப்பெயரையும் சேர்த்தே குறிப்போம்.

அட்டையில் கோடு கீறி, பேரப்பிள்ளையை எதிரில் இருத்துங்கள். வாயால் கேட்டால் மறந்துபோச்சு என்பார்கள். பிள்ளை பிழையாக நகர்த்தினால் உடனே திருத்துவார்கள்.