உரிகிற பெயின்ட்

வண்டியை எடுத்துப் போனவர் மூன்றாம் மாதம் திரும்பி வந்து, பட்டறை வாசலில் நின்றபடியே "மேஸ்திரி, உரியுது" என்று சொல்லிவிட்டால் அப்பா அன்றைக்கு மத்தியானம் சாப்பிட மாட்டார். வெளுத்துப் போனால் வெயிலைச் சொல்லலாம். கீறல் விழுந்தால் ஓட்டினவரைச் சொல்லலாம். உரிந்தால் யாரையும் சொல்ல முடியாது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் அடித்த கைதான் காரணம்.

அப்படிப்பட்டவருடைய மகனிடம் 2019இல் அக்கா பையன் வந்து, "மாமா, இது உரிக்கறதுக்குன்னே செஞ்ச பெயின்ட்" என்றான். ரப்பர் பெயின்டாம். வெள்ளைக் காரை அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலேயே மினுக்கமில்லாத கறுப்பாக்கிவிடுவானாம். அலுத்துப் போனால் வாழைப்பழத் தோல் மாதிரி உரித்து எறிந்துவிடுவானாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அடித்த பெயின்ட் உரியக் கூடாதே என்று எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை விரல் தேய்ந்திருக்கிறது.

விரல் தேய்ந்தது என்பது சும்மா சொல்வதில்லை. 1974இல், பதினாலு வயசில், புதுப்பேட்டையில் அப்பாவின் பட்டறைக்குள் நுழைந்தேன். முதல் இரண்டு வருஷம் ஸ்ப்ரே கன்னைத் தொடவே விடவில்லை. வாட்டர் பேப்பரும் ஒரு வாளித் தண்ணீரும்தான். அம்பாசடரோ ஃபியட்டோ வந்தால் டிங்கர் ஒடுக்கெடுத்து முடித்த பிறகு தகரம் தெரியும்வரை சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, பட்டி இழுத்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பட்டி இழுத்து, மறுபடி தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். மேடு பள்ளம் கண்ணுக்குத் தப்பும், கைக்குத் தப்பாது. 220இல் ஆரம்பித்து 600ஆம் நம்பர் பேப்பருக்கு வரும்போது விரல் நுனியில் ரேகையே இருக்காது.

அதற்கு மேல்தான் டூகோ. ஐந்தாறு கோட்டு. ஒவ்வொன்றும் சில நிமிஷத்தில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும், ஆனால் மினுமினுப்பு தானாக வராது. காம்பவுண்டு போட்டுத் துணியால் தேய்த்துத் தேய்த்துத்தான் முகம் தெரிய வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பெயின்டை அடிப்பது தற்கொலை மாதிரி. தின்னர் வேகமாகப் பறக்கும்போது தகரம் குளிரும். ஈரக்காற்று அதன் மேல் படியும். கறுப்பு வண்டி விபூதி பூசினது போல வெளுத்து நிற்கும். மழை மாதத்தில் அப்பா கடன் வாங்கியாவது சும்மா உட்கார்ந்திருப்பார்.

டூகோ என்றால் பெயின்டுக்கே பெயர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். எந்தக் கம்பெனி டப்பாவானாலும் எங்களுக்கு அது டூகோ. பட்டறையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன், அது அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி வைத்த சரக்குப் பெயர் என்று. வெடிமருந்துக்கும் சினிமா பிலிமுக்கும் ஆகிற அதே நைட்ரோசெல்லுலோஸ்தான் உள்ளே இருப்பது. பட்டறையில் பீடி பற்ற வைத்தவனை அப்பா ஏன் செருப்பால் அடித்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

அது வருவதற்கு முன்னால் காருக்கும் குதிரை வண்டிக்கும் ஒரே பெயின்ட், ஒரே வேலை. எண்ணெய் வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசி, ஒவ்வொரு பூச்சும் காயக் காத்திருந்து, தேய்த்து, மறுபடி பூசி, ஒரு நல்ல வண்டி வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டு கம்பெனி 1914 முதல் 1925 வரை மாடல் டி காரைக் கறுப்பில் மட்டுமே விற்றது. விலை மலிவு, நாள்பட நிற்கும் என்பதால்தான் அந்தக் கறுப்பு. 1923இல் ஜெனரல் மோட்டார்ஸ் தனது ஓக்லாண்ட் காரை டூகோ நீலத்தில் இறக்கியது. வாரக்கணக்கு மணிக்கணக்கானது, நிறம் வாங்குகிறவன் இஷ்டமானது. அடிக்கிற கருவி அதற்கு முன்பே தயாராக இருந்தது. டெவில்பிஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1888இல் தொண்டைக்கு மருந்து பீய்ச்ச ஒரு குப்பி செய்தார். அவர் மகன் அதைப் பெயின்ட் பீய்ச்சும் துப்பாக்கியாக்கினார். நான் நாற்பத்தைந்து வருஷம் கையில் பிடித்தது ஒரு வைத்தியர் வீட்டுச் சாமான்.

ஆனால் அக்கா பையன் கேட்டது வேறு. நிற்கிற பெயின்டின் கதை அவனுக்கு வேண்டாம். போகிற பெயின்டுக்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில், பனிக்காலம் வந்ததும் ரஷ்யர்களும் ஜெர்மானியர்களும் டாங்கிகள் மேல் வெள்ளை பூசினார்கள். பனி உருகினதும் கழுவிவிட வேண்டும் என்பதால் சுண்ணாம்பு மாதிரியான கரைசல்தான். போர் முடிந்த பிறகு அமெரிக்கக் கடற்படை, ஓய்வுக்கு அனுப்பிய கப்பல்களின் பீரங்கிகளுக்குப் பிளாஸ்டிக்கைப் பீய்ச்சிப் பட்டுப்பூச்சிக் கூடு போல மூடி வைத்தது. தேவைப்பட்டால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி சுடலாம். உரிப்பதற்காகவே பீய்ச்சுவது என்ற யோசனை அங்கேயே இருக்கிறது.

எங்கள் பட்டறையிலும் ஒரு தடவை நடந்தது. 1978 வாக்கில் ஒரு சினிமா கம்பெனிக்காரர் வாடகை வெள்ளை அம்பாசடரைக் கொண்டுவந்து, இரண்டு நாளைக்கு மட்டும் கறுப்பாக வேண்டும் என்றார். அப்பா சுவருக்கு அடிக்கிற டிஸ்டெம்பர் கணக்கில் வஜ்ரப் பசையைக் காய்ச்சி, கறுப்புப் பொடி கலந்து பூசிக் கொடுத்தார். வண்டி அம்சமாகத்தான் இருந்தது. காட்சியில் மழை என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. குழாயைத் திறந்த ஐந்தாவது நிமிஷத்தில் கதாநாயகி சேலையெல்லாம் கறுப்பு. பாக்கி ஐம்பது ரூபாய் கடைசிவரை வரவே இல்லை.

இந்த ரப்பர் சரக்கு பிறந்தது காருக்காக இல்லை. அமெரிக்காவில் மின்னசோட்டாவில் 1972இல் பிளாஸ்டி டிப் கம்பெனி தொடங்கினபோது அது கட்டிங் பிளேயர், ஸ்பேனர் கைப்பிடிகளை முக்கி எடுக்கிற குழம்பு. முக்கினால் கைக்கு வழுக்காத ரப்பர் உறை. பிறகு ஸ்ப்ரே டப்பாவில் வந்தது. யாரோ காரின் சக்கரத்தில் அடித்துப் பார்த்தார்கள், முழு வண்டிக்கும் ஏறியது. மற்ற கம்பெனிகளும் செய்யத் தொடங்கின. டூகோவைப் போலவே இதையும் எந்த டப்பாவானாலும் 'டிப்' என்றுதான் பையன்கள் சொல்கிறார்கள்.

அவன் அடித்ததை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். தேய்க்கவில்லை, பட்டி இல்லை, பிரைமர் இல்லை. நன்றாகக் கழுவி, மெழுகுப் பிசுக்கு போகத் துடைத்ததோடு சரி. அதுவே சரிதானாம். சொரசொரப்பு இருந்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு உரியாது. முதல் கோட்டைப் பாதி தெரிகிற மாதிரி தூவினான். அடுத்தடுத்து கனமாக ஆறு கோட்டு. மெல்லிசாக விட்ட இடம் உரிக்கும்போது துணி மாதிரி வராமல் துண்டு துண்டாகும். மாஸ்கிங் டேப்பை ஈரம் இருக்கும்போதே எடுத்துவிட்டான். காய்ந்த பிறகு எடுத்தால் ரப்பரும் சேர்ந்து கிழியும். கண்ணாடியில் பட்ட தூசு மறுநாள் விரலால் உருட்டியதும் வந்துவிட்டது. நான் கண்ணாடிக்குப் பழைய பேப்பர் ஒட்டியே ஒரு ஆயுசைக் கழித்தவன். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. கீழ்த்தளத்தில் காற்றோட்டம் இல்லாமல் அடித்ததற்கு மட்டும் திட்டினேன். அந்த வாடையும் தின்னர் வாடைதான், ஒரு தீப்பொறி போதும்.

நிறம் நன்றாகவே இருந்தது, கரும்பலகை மாதிரி. பெட்ரோல் போடுகிற பையன் ஒரு நாள் டாங்க் வாயில் வழிய விட்டதில், அந்த இடம் மட்டும் சுருங்கிப் பிசுபிசுத்தது. பெட்ரோலுக்கு இந்த ரப்பர் ஆகாது. ஆர்.சி. புத்தகத்தில் வெள்ளை, வண்டியில் கறுப்பு என்று போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். உரிகிற நிறம் சார் என்றதற்கு, உரித்துவிட்டு ஓட்டு என்றாராம். அவர் சொன்னதில் தப்பில்லை. நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்து ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். உரிகிறது என்பதால் சலுகை ஒன்றும் கிடையாது.

2020இல் ஊரடங்கு. வண்டி வேப்ப மரத்தடியில் மாதக்கணக்கில் நின்றது. மேலே வெயில், எச்சம், பழம். அடுத்த வருஷம் அவனுக்கு வெள்ளை மேல் ஆசை திரும்பி வந்தது. கதவு ஓரத்தில் நகத்தால் கிளப்பி இழுத்தான். முன்கதவு முழுசும் ஒரே உறையாக வந்தது. அடியில் ஷோரூம் வெள்ளை, ஒரு குறை இல்லை. பானெட்டில் வெயில் பட்டு ரப்பர் இறுகியிருந்தது, அங்கே அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சுரண்டினான்.

இடது முன் மட்கார்டு கடைசி. 2017இல் ஆட்டோ ஒன்று இடித்து, என் பட்டறையில் நானே அடித்துக் கொடுத்தது. ரப்பரை இழுத்தான். ரப்பரோடு சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்கு என் பெயின்டும் வந்தது. பிரைமர் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. பிரைமரைச் சரியாகத் தேய்க்காமல் அடித்திருக்கிறேன், வேறு காரணமே இல்லை. அவன் கையில் அந்தத் துண்டை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, நல்ல பையன்.

பிறகு விசாரித்ததில், கம்பெனிப் பெயின்டுக்கு மேலே ரப்பர் அடித்தால் பயமில்லை, பட்டறையில் மறுபடி அடித்த பாகத்தில்தான் இந்தத் தொல்லை என்றார்கள். வீட்டில் அடித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் வண்டியில் எங்கெங்கே கைவேலை நடந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மட்கார்டை மறு வாரமே 600 பேப்பர் போட்டுத் தேய்த்து, அடித்துக் கொடுத்தேன். மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.