பெயரால் வந்த பழி

நோயைக் காட்டிலும் அதற்கு இட்ட பெயர் கொடியதாகிவிடுவது உண்டு. தோலில் வெள்ளைத் திட்டுக்களாகத் தோன்றும் வெண்புள்ளியின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும்.

அதர்வ வேதத்தின் முதற் காண்டத்திலேயே இதைக் 'கிலாசம்' எனக் குறித்து, தோலின் நிறத்தை மீட்டுத் தருமாறு கரிய மூலிகை ஒன்றை வேண்டும் மந்திரங்கள் உள்ளன. நம் நாட்டு வைத்தியர்கள் கார்போகரிசியைக் கையாண்டனர். எகிப்தியர் நைல் நதிப் பக்கத்தில் வளரும் வேறொரு செடியின் விதையை நாடினர். 1940-களில் கெய்ரோ நகர ஆராய்ச்சியாளர்கள் அவ்விதையின் மருந்துச் சத்தைப் பிரித்தெடுத்தனர். இரு செடிகளிலும் இருப்பது ஸோரலென் என்னும் ஒரே இனப் பொருளே. அது ஒளியுடன் கூடியே வேலை செய்யும்.

மருந்தில் இவ்வாறு ஒன்றுபட்ட தேசங்கள், பெயரில் இடறின. எபிரேய மொழியில் 'ஸாரஅத்' என்ற சொல் பலவகைத் தோல் மாற்றங்களைக் குறித்தது. வெண்திட்டும் அவற்றுள் அடங்கும் என்பர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'லெப்ரா' என்றனர். பிற்காலத்தில் அச்சொல் தொழுநோய்க்கே உரியதாயிற்று. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோர் நினைவில் இருத்தவேண்டிய செய்தி இது. நம் தமிழிலும் 'வெண்குஷ்டம்' என்ற வழக்கு அதே பழியைச் சுமத்தியது. ஹிந்தி பேசுவோர் 'சஃபேத் தாக்', அதாவது வெள்ளைக் கறை என்கின்றனர். வங்காளிகள் 'ஸ்வேதி' என்கின்றனர். இவ்விரு சொற்களிலும் தொழுநோயின் வாடை இல்லை.

தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு ஹான்ஸன் 1873-ல் கண்டார். வெண்புள்ளிக்குக் கிருமியே இல்லை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, தோலுக்கு நிறமூட்டும் அணுக்களையே பகையெனக் கருதி அழித்துவிடுகிறது. ஆகவே அது தொட்டால் ஒட்டுவதில்லை. திட்டுள்ள இடத்தில் உணர்ச்சி குன்றுவதும் இல்லை.

இது கருநிறத்தாரின் நோய் என்று எண்ணுவோர் பலர். கணக்கு அவ்வாறு கூறவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த போர்ன்ஹோம் தீவின் மக்களை ஆராய்ந்து 1977-ல் வெளியிட்ட கணக்கின்படி, அங்கே 0.38 சதவீதத்தினருக்கு இந்நோய் இருந்தது. 1985-ல் வெளியான கல்கத்தா ஆய்வு கண்ட அளவு 0.46 சதவீதம். ஆயிரம் பேரில் அங்கே நால்வர் என்றால் இங்கே ஐவர், அவ்வளவே வேற்றுமை. குஜராத்தின் சில பகுதிகளில் இதனினும் மிகுதியாகக் கூறப்பட்டுள்ளது. பரம்பரைக் கூறுகளும் காரணமாகலாம். கணக்கெடுக்கும் முறையும் காரணமாகலாம். வீடுவீடாகச் சென்று எண்ணுவது வேறு, மருத்துவமனைக்கு வந்தோரை மட்டும் எண்ணுவது வேறு அன்றோ?

வெளுத்த மேனியில் வெள்ளைத் திட்டு எளிதில் புலப்படாது. நம் மாநிற மேனியில் அது தொலைவிலேயே தெரியும். நோயின் அளவில் இல்லாத பேதம், பார்ப்பவர் கண்ணில் பிறக்கிறது. அப்பேதத்தின் சுமையை மிகுதியும் தாங்குவோர் மணப்பருவத்துப் பெண்களே. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் தொழுநோயை மணவிலக்குக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. தொழுநோயும் மருந்தால் தீர்வதாகிவிட்டமையால், 2019-ல் அவ்விதியும் நீக்கப்பட்டது. வெண்புள்ளியோ அச்சட்டத்தின் பட்டியலில் என்றுமே இடம்பெற்றதில்லை. ஆயினும் சட்டம் விதிக்காத தண்டனையை நம் இல்லங்கள் விதித்து வந்திருக்கின்றன.

சொந்த ஊரைவிட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நாம், பெண் பார்க்கவும் பிள்ளை பார்க்கவும் இன்னும் ஊர் உறவினரின் சொல்லையே நம்புகிறோம். அச்சொல்லில் 'குஷ்டம்' என்ற ஒன்றை விலக்கி, 'வெண்புள்ளி' என்று கூறப் பழகுவோமாக. மருந்து நிறத்தை மீட்கச் சில மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். ஒரு சொல்லைத் திருத்த ஒரு நாள் போதும்.