நன்னூல் சொன்ன ஆறு கேள்வியும் எட்டுப் பதிலும்



போன வாரம் என் அக்கா மகள் போன் செய்தாள். "சித்தி, அதிரசம் எப்படிச் செய்யணும்?" அவ்வளவுதான் கேள்வி. எத்தனை பேருக்கு, அரிசி ஊறப் போட்டாளா, பாகு காய்ச்சினாளா, ஒன்றும் சொல்லவில்லை. "போன்லயே ஆயிரம் வீடியோ இருக்கே, பார்த்துச் செய்" என்று வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "நீ எது வரைக்கும் செஞ்சிருக்கே?" என்று கேட்டேன். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. எல்லாம் செய்துவிட்டாள். மாவை எண்ணெயில் போட்டால் பிரிந்து பிரிந்து போகிறது. பாகு பதம் போதவில்லை, கொஞ்சம் பச்சரிசி மாவு சேர்த்துப் பிசைந்து பார் என்றேன். வேலை முடிந்தது.

போனை வைத்ததும், ஆசிரியர் பயிற்சிக்குப் படித்த நாளில் உருப்போட்ட நன்னூல் நினைவுக்கு வந்தது. பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல். சமண முனிவர். சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் எழுதினார். எழுத்து, சொல் இலக்கணம் தொடங்குவதற்கு முன்பே, பாடம் சொல்பவர் எப்படி இருக்க வேண்டும், கேட்பவர் எப்படி இருக்க வேண்டும் என்று பாயிரத்தில் விரிவாகச் சொல்லிவிடுகிறார்.

வினா ஆறு வகை என்று உங்களுக்கும் நடத்தியிருக்கிறேன். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. அறிவினா நாங்கள் உங்களைக் கேட்பது, விடை எங்களுக்குத் தெரியும். கடைசி மூன்றும் கடைத்தெருவிலும் வீட்டிலும் புழங்குபவை. கற்க வருகிறவன் கேட்பது இரண்டுதான். ஒன்றுமே தெரியாமல் கேட்டால் அறியாவினா. இதுவா அதுவா என்று ஓர் இடத்தில் தடுக்கி நின்று கேட்டால் ஐயவினா. "அதிரசம் எப்படிச் செய்யணும்" அறியாவினா. "பாகு இளகலா, மாவு ஈரமா, எதனால் பிரியுது" என்பது ஐயவினா.

விடை எட்டு வகை. சுட்டு, மறை, நேர் மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்ற ஐந்தும் விடையை மறைமுகமாக உணர்த்துபவை. "இதைச் செய்வாயா" என்றால் "நீயே செய்" என்பது ஏவல் விடை. நான் செய்யமாட்டேன் என்பதே அதன் பொருள். "புத்தகத்தைப் பார்", "வீடியோவைப் பார்" எல்லாம் இந்த இனம்தான்.

ஐயவினாவோடு போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு உ.வே.சாமிநாதையர் சாட்சி. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அதே ஆண்டு, அவ்வூர் முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று வரிசையாகச் சொன்னார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார் முதலியார். படித்ததில்லை. முதலியார் கொடுத்த பிரதியை வாங்கிப் படித்தால், உரை இருந்தும் பல இடம் விளங்கவில்லை. அது சமண காவியம், ஐயருக்கோ சமண சமயம் பழக்கமில்லை.

அவர் என்ன செய்தார்? கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிப்போய்க் கேட்டார். கல்லூரி ஆசிரியர், பெரிய புலவரின் மாணவர். அந்த வீட்டுக்காரர்களுக்கோ அவர் கேட்டதெல்லாம் அன்றாடம் பழகிய விஷயம். இதுகூடத் தெரியாதா என்று அவர்கள் திருப்பி அனுப்பவில்லை, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அவரும் வெறுங்கையோடு போகவில்லை, படித்து, எங்கே தடுக்குகிறது என்று தெரிந்துகொண்டு போனார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது.

எல்லாரும் உ.வே.சா. போலத் தயாராக வரமாட்டார்கள் என்பீர்கள். உண்மை. நன்னூலே பாடம் சொல்லக்கூடாதவர்கள் என்று ஒரு பட்டியல் தருகிறது. அதில் சோம்பேறியும் உண்டு, மந்த புத்திக்காரனும் உண்டு. இங்கே மட்டும் பவணந்தியாரோடு எனக்கு ஒத்துவராது. வாசலில் நின்று பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் வசதி எங்கள் தொடக்கப்பள்ளிக்கு இல்லை. வந்த பிள்ளைக்கெல்லாம் சொல்லித்தர வேண்டும். அறியாவினாவோடு வருகிற பிள்ளையை ஐயவினா வரைக்கும் கைபிடித்து நடத்துவதுதான் எங்கள் உத்தியோகமே.

இதை நான் எப்போதும் செய்தேனா? இல்லை. அதைச் சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்பு. பின்னக் கணக்கு. ஒரு பையன் நோட்டோடு மேசைக்கு வந்து, "டீச்சர், இந்தக் கணக்கு எப்படிப் போடுறது?" என்றான். நோட்டில் ஒரு கோடுகூட இல்லை. எனக்குக் கோபம். "நேத்து நடத்தறப்போ எங்கே போயிருந்தே? போய்ப் புத்தகத்தைப் பாரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் போய் உட்கார்ந்தான்.

மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவன் பெயருக்கு நேரே, அந்தக் கணக்கு நடத்திய இரண்டு நாளும் 'வரவில்லை' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. எங்கே போயிருந்தே என்று கேட்டேனே, அதற்கு உண்மையான விடை ஒன்று இருந்திருக்கிறது. அது தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி இல்லை, அதனால் அவன் விடை சொல்லவில்லை. தெரிந்த பிறகாவது கூப்பிட்டுக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேனா? அதுவும் இல்லை. டீச்சர் தப்பு செய்தாள் என்று ஆகிவிடுமே என்ற வறட்டு கௌரவம். அந்த ஆண்டு முழுக்க அவன் என் மேசைக்கு வரவே இல்லை.

நன்னூலில் இன்னொரு கணக்கும் உண்டு. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்குதான். கூடப் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் நிரம்பும். ஒரே பாடத்தை இரண்டு முறை, மூன்று முறை கேட்பதையும் அந்த நூல் குறையாகச் சொல்லவில்லை. அப்படியென்றால், ஒன்றும் தெரியாமல் வந்து கேட்கிறவன் நம் அரைப் பங்கைக் கையில் கொண்டு வருகிறான். அன்று என் பங்கைத்தான் நான் விரட்டிவிட்டேன்.

உங்களில் பலர் இன்று அலுவலகத்தில், பட்டறையில், வங்கியில் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். புதிதாக வந்தவன் மொட்டையாகக் கேட்டால், முழுசாகச் செய்தும் கொடுக்காதீர்கள், விரட்டியும் விடாதீர்கள். "எது வரைக்கும் வந்திருக்கே?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரிந்துகொள்ளும் எண்ணத்தோடு கேளுங்கள். கேட்கப் போகிறவர்களும் ஒரு கோடாவது போட்டுக்கொண்டு போங்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தம்பி, இதைப் படித்தால் ஒரு போன் செய். அந்தப் பின்னக் கணக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்